யின் சியாவ் சான்: எவ்வளவு நேரம் கொதிக்கவிடணும்?

கேள்வி:
தொண்டை வலியோட வர்ற காய்ச்சலுக்கான யின் சியாவ் சான்ங்கற சீன மூலிகைப் பொடி இது. நம்ம கஷாயம் மாதிரி நாலுக்கு ஒண்ணா வத்த வச்சா ஒரே கசப்பு, வாசனையே இல்ல. எங்க தப்பு? எதிர்ப்புச் சக்திக்கு ஹுவாங் சி வேர் சேர்க்கலாமா?

பதில் 1:
வத்த வைக்கறதுதான் தப்பு. 1798-ல் சீன வைத்தியர் வூ ஜூதோங் எழுதி முடிச்ச நூல்லயே, மணம் குப்புன்னு கிளம்பினதும் இறக்கு, மேல கொதிக்க விடாதேன்னு இருக்கு. பொடில இருக்கற போ ஹெ புதினா வகை. அதோட எண்ணெய் ஆவியாப் போயிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். முதல்ல நாணல் வேரை 20 நிமிஷம் கொதிக்க வச்சு வடிகட்டுங்க. அந்தத் தண்ணில ஒரு வேளைக்கு 18 கிராம் பொடி போட்டு, மூடி வச்சு, சில நிமிஷத்துல இறக்கிடுங்க. மண் சட்டி நல்லது. இரும்பு, அலுமினியம் வேண்டாம்.

பதில் 2:
ஹுவாங் சி இப்ப கூடாது. காய்ச்சல் இருக்கும்போது அதைக் குடுக்கறது, திருடனை உள்ள வச்சுக் கதவைப் பூட்டற மாதிரின்னு சீன வைத்தியர்கள் சொல்வாங்க. அந்த வேர் இருக்கற யூ பிங் ஃபெங் சான்ங்கற இன்னொரு பொடி, காய்ச்சல் விட்ட பிறகு, அடிக்கடி சளி பிடிக்கறவங்களுக்கு.

பதில் 3:
மாத்திரையா வாங்கினா லேபிளைப் படிங்க. வைட்டமின் சி கலந்த யின் சியாவ் மாத்திரைல பாராசிட்டமாலும் இருக்கும். மேல டோலோ போட்டா டோஸ் இரட்டிப்பு, ஈரலுக்கு ஆபத்து. பிபி உள்ளவங்க இதுல இருக்கற அதிமதுரத்தையும் கவனிக்கணும். மூச்சு வாங்கினா கஷாயத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.