கோல்ட் கீ ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ்: அந்த நெருப்பு குற்றமா?

தங்கச்சாவி: வார்ப்_வேலன் இன்னொரு இழையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்: "கோல்ட் கீயின் ஸ்டார் ட்ரெக் காமிக்ஸ் குப்பை. கப்பலின் வாலில் நெருப்பு வருகிறது, வரைந்தவர் தொடரையே பார்த்ததில்லை." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அமெரிக்காவின் கோல்ட் கீ பதிப்பகம் 1967 முதல் 1979 வரை போட்டது 61 இதழ்கள். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கு 1969-லேயே மூடுவிழா நடத்திவிட்டார்கள். அதன் பிறகு பத்து வருடம் கேப்டன் கிர்க்கையும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கையும் விடாமல் கடைக்குக் கொண்டுவந்தது இந்தக் குப்பைதான். மார்வெல் உரிமையை வாங்கி 1980-இல் தொடங்கி என்ன கிழித்தது? 18 இதழோடு கடையைக் கட்டியது.

வார்ப்_வேலன்: 61 இதழுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் கப்பலான என்டர்பிரைஸின் இரண்டு நாசெல்களின், அதாவது எஞ்சின் குழாய்களின், பின்முனையைத் தொடரில் பாருங்கள். வெள்ளை உருண்டை இருக்கும். காமிக்ஸில் அந்த இடத்திலிருந்து தீபாவளி ராக்கெட் மாதிரி தீ பறக்கிறது. பார்க்காமல் வரைந்தார் என்றேன். பொய்யா?

தங்கச்சாவி: பொய் என்று யார் சொன்னது? ஆல்பெர்தோ ஜோலித்தி ரோமில் இருந்து வரைந்தார். கையில் இருந்தது அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விளம்பரப் புகைப்படங்கள். அதை வைத்தே ஸ்பாக்காக நடித்த நிமாயின் முகத்தை, அந்தப் புருவத்தை, கன்னத்துக் குழியை எப்படிப் பிடித்திருக்கிறார்! புகைப்படத்தில் கப்பல் அசையாது ஐயா. எப்படிப் பறக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? விண்கலம் என்றால் பின்னால் நெருப்பு, அந்தக் காலத்துக் கணக்கு அது.

காகித_வாசம்: ஒரு சின்னத் திருத்தம். முதல் இதழ் ஜோலித்தி இல்லை, நேவியோ ஸக்காரா. ஜோலித்தி அவருக்குப் பிறகு வந்தவர்.

தங்கச்சாவி: முதல் இதழ் என்று நான் எங்கே எழுதினேன்? படித்துவிட்டுப் பேசுங்கள்.

வார்ப்_வேலன்: யார் வரைந்தால் என்ன, நெருப்பு நெருப்புதான். வெள்ளை உருண்டை.

சேலம்_ஸ்பாக்: நெருப்பை விடுங்கள். முதல் இதழின் கதையை யாராவது நினைவு வைத்திருக்கிறீர்களா? ஆளைத் தின்னும் செடிகள் நிறைந்த ஒரு கிரகம். கடைசியில் என்டர்பிரைஸ் மேலே நின்றுகொண்டு மொத்தத்தையும் சுட்டுப் பொசுக்கிவிட்டுப் போகிறது. தொடரில் வருகிற கிர்க் இதைச் செய்வாரா? எனக்கு அதுதான் உறுத்தல். கப்பலின் வால் இல்லை.

வார்ப்_வேலன்: ஆக, பின்னாலும் நெருப்பு, கீழேயும் நெருப்பு. நான் சொன்னதையே சொல்கிறீர்கள்.

தங்கச்சாவி: சேலத்துக்காரர் கேள்வி நியாயமானது, அதற்குத் தனி இழை போடலாம். இங்கே பேச்சு ஜோலித்தியைப் பற்றி. அவர் வரைந்த 'டூரோக்' காமிக்ஸ் படித்திருக்கிறீர்களா வேலன்? டைனோசர், பாறை, பள்ளத்தாக்கு என்று வருடக்கணக்காக வரைந்த கை அது. அதனால்தான் இதில் வரும் அந்நியக் கிரகங்களில் காற்றும் புழுதியும் தெரிகிறது. தொலைக்காட்சியில் என்ன இருந்தது? அட்டைப் பாறையும் ஊதா வெளிச்சமும். காசில்லாமல் அவர்கள் காட்ட முடியாததை இவர் 12 சென்ட் புத்தகத்தில் காட்டினார்.

வார்ப்_வேலன்: பச்சைச் சட்டையும் காட்டினார். ஆரம்ப இதழ்களில் கிர்க்குக்குப் பச்சைச் சட்டை. தொடரில் தங்க நிறம். இதற்கும் ரோம்தான் காரணமா?

தங்கச்சாவி: ஹா ஹா. இதற்காகத்தான் காத்திருந்தேன். கிர்க் போட்டிருந்த சட்டையின் துணியே பச்சை. படப்பிடிப்பு விளக்கிலும் ஃபிலிமிலும் அது தங்க நிறமாகத் தெரிந்தது. உடையை வடிவமைத்த வில்லியம் தைஸே சொன்ன விஷயம். தொடரைப் 'பார்த்த' நீங்கள் தங்கம் என்கிறீர்கள். பார்க்காதவர்கள் அச்சடித்ததுதான் சரியான நிறம்.

காகித_வாசம்: ஆனால் அந்த இதழ்களில் ஸ்பாக்குக்கும் பச்சைதானே? அவர் சட்டை நீலம். இது குருட்டாம்போக்கில் பட்டது.

தங்கச்சாவி: காகித_வாசம் அவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. என்னிடம் 'நல்ல நிலை' என்று சொல்லி விற்ற இதழில் பின்னட்டையே இல்லை. அதன் நிறம் என்ன என்று இன்றுவரை தெரியாது.

காகித_வாசம்: அதை இங்கே இழுக்க வேண்டுமா? படம் அனுப்பினேன், பார்த்துவிட்டுத்தான் வாங்கினீர்கள்.

தங்கச்சாவி: முன்னட்டையின் படம் அனுப்பினீர்கள்.

நிலா_பயணி: புதியவன். இந்தப் பழைய இதழ்கள் இப்போது படிக்கக் கிடைக்குமா?

சேலம்_ஸ்பாக்: ஐடிடபிள்யூ நிறுவனம் 2014 முதல் கெட்டி அட்டைத் தொகுப்புகளாகப் போட்டது தம்பி. தேடிப் பாருங்கள். முதல் கதையைப் படித்துவிட்டு அந்தக் கிரகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், இங்கே கேட்க ஆளில்லை.

தங்கச்சாவி: தொகுப்பு வேண்டாம். நிறத்தைத் துலக்கி, தாளை வெளுப்பாக்கி, உயிரை எடுத்துவிட்டார்கள். மட்டத் தாளில் சிவப்புப் புள்ளி கொஞ்சம் விலகி, ஸ்பாக்கின் காதுக்கு வெளியே ஒரு கோடாக நிற்கும் பாருங்கள், அதோடு படித்தால்தான் கோல்ட் கீ. தொடரின் புகைப்படம் போட்ட அந்த ஆரம்ப அட்டைகள், பிறகு ஜார்ஜ் வில்சன் தீட்டிய அட்டைகள்... இதெல்லாம் வேலனுக்கு எங்கே புரியும்? அவருக்கு நாசெல் தெரிந்தால் போதும்.

வார்ப்_வேலன்: ஆமாம், நாசெல் தெரியும். அதன் பின்முனையில் வெள்ளை உருண்டை. தொடரில் ஒரே ஒரு காட்சியில் அங்கிருந்து நெருப்பு வருவதைக் காட்டுங்கள், என் வரியை எடுத்துவிடுகிறேன்.

தங்கச்சாவி: முன்முனையில் செம்மஞ்சளாக ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறதே, அது என்ன? நெருப்பு மாதிரி இல்லையா? அதைப் பார்த்துப் பின்னாலும் இருக்கும் என்று நினைத்திருக்கலாம் இல்லையா?

வார்ப்_வேலன்: தொடரைப் பார்க்காதவர் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

தங்கச்சாவி: புகைப்படத்தில் பார்த்திருப்பார்.

வார்ப்_வேலன்: புகைப்படத்தில் சுழலுமா?

தங்கச்சாவி: உங்களோடு பேசுவதே வீண். நாளை 61 இதழ்களையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதப்போகிறேன், நெருப்பு இல்லாத பக்கங்களை மட்டும் போட்டு.

காகித_வாசம்: பின்னட்டையோடா?