ஒளியைக் குறைத்தால் மின்சாரமும் அதே அளவு குறைகிறதா? அளந்து பார்த்தவர்கள் பகிருங்கள்

கூடத்தின் மேற்கூரை ஓரத்தில் 24 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப் ஒட்டியிருக்கிறேன். மீட்டருக்கு 14.4 வாட் வீதம் 5 மீட்டர், மொத்தம் 72 வாட். பவர் சப்ளை 150 வாட். டிம்மர் பி.டபிள்யூ.எம். வகை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு ஒளியைக் குறைப்பது. மாலை நேரங்களில் பெரும்பாலும் 10 சதவீதத்தில்தான் எரியும் என்பதால், பிளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முழு ஒளியில் 82 வாட். 10 சதவீதத்தில் 8 வாட் அளவுதான் வரும் என்றுதானே கணக்கு? வந்தது 11.

ஸ்டிரிப்புக்குப் போவது ஏறத்தாழ 7 வாட். மீதி 4 வாட் வழியிலேயே வெப்பமாகிவிடுகிறது. முழு ஒளியில் 88 சதவீதமாக இருந்த செயல்திறன் 65 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பவர் சப்ளைக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப், ஓயாமல் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஸ்விட்ச், மின்மாற்றியின் உள்ளகம் ஆகியவை, விளக்கு எவ்வளவு மங்கலாக எரிந்தாலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. பஸ்ஸில் இரண்டு பேர் இருந்தாலும் டீசல் செலவாவது போலத்தான். நிறையச் சுமை இருக்கும்போது அந்தப் பங்கு தெரிவதில்லை.

ஆனால், "டிம் செய்தால் மின்சாரம் வீண்" என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழு ஒளியில் வீணாவது 10 வாட், 10 சதவீதத்தில் 4 வாட். சதவீதம் மோசமானாலும் வீணாகும் வாட் குறைந்துதான் இருக்கிறது. கண்ணும் நமக்குத் துணை நிற்கிறது: கருவி 10 சதவீதம் என்று காட்டும் ஒளி, பார்வைக்கு ஏறத்தாழ 30 சதவீதமாகத் தெரியும்.

என்னை உறுத்துவது வேறொன்று. ரிமோட்டில் அணைத்த பிறகும் மீட்டர் 1.5 வாட் காட்டுகிறது. அப்படியே விட்டுவைத்தால் ஆண்டுக்கு 13 யூனிட்!

மறுமொழி

வாட் மீட்டரில் அளந்தது நல்லது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து 230-ஆல் பெருக்குபவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். குறைந்த சுமையில் பவர் ஃபேக்டர் (அந்தப் பெருக்கல் தொகையில் உண்மையான வாட்டின் பங்கு) பாதிக்கும் கீழே போகக்கூடும். என் விளக்கில் 0.1 ஆம்பியர் காட்டியது, பெருக்கினால் 23. வாட் மீட்டரிலோ வெறும் 10. பவர் சப்ளை பாதியை விழுங்குகிறது என்று நண்பர் ஒருவர் உறுதியாக நம்பிக்கொண்டிருந்ததற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

மறுமொழி

என்னிடம் இருப்பது மின்னோட்டத்தையே குறைக்கும் டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரம் கொடுக்கும் கருவி). இதில் ஒரு லாபம் உண்டு. மின்னோட்டம் குறையும்போது எல்.இ.டி. சூடும் குறைகிறது, ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் வெளிச்சமும் கூடுகிறது. டிரைவரில் இழப்பதில் ஒரு பகுதி விளக்கில் திரும்பிவிடுகிறது. பி.டபிள்யூ.எம். முறையில், எரியும் கணங்களில் முழு மின்னோட்டமே பாய்வதால் இந்த லாபம் அவ்வளவாகக் கிடைக்காது. இரண்டையும் வைத்து ஒப்பிடுபவர்கள் வாட்டோடு லக்ஸையும் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்க வேண்டும். வாட்டை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

மறுமொழி

72 வாட் ஸ்டிரிப்புக்கு 100 வாட் சப்ளை தாராளமாகப் போதும். ஆனால் நன்றாக ஓடும் 150 வாட் சப்ளையைக் கழற்றி எறியச் சொல்ல மாட்டேன். மாற்றினால் ஒரு வாட் மிச்சமாகலாம். 24 மணி நேரமும் எரிந்தால்கூட ஆண்டுக்கு 9 யூனிட்டுக்குள்தான். புதிதாக வாங்குபவர்கள் தகவல் தாளில் சுமைக்கு எதிரான செயல்திறன் வரைகோட்டைத் தேடிப் பாருங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் முழுச் சுமைக்கானது, உங்கள் 10 சதவீதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அந்த 1.5 வாட்டுக்கு வழி எளிது: சப்ளைக்கு வரும் மின்சாரத்தையே சுவர் ஸ்விட்ச்சில் அணைத்துவிடுங்கள். டிம்மர் கடைசி அளவை நினைவில் வைத்துக்கொள்ளும் வகையா என்பதை மட்டும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முழு ஒளியில்தான் தொடங்கும்.