நெப்ராஸ்கா பெரிய அணி என்றால் பையன் நம்ப மாட்டேன் என்கிறான்

கேள்வி

1994 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள லிங்கன் நகருக்கு வந்தேன். நான் சொல்வது அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியை. வந்த வருடமும் அடுத்த வருடமும் நெப்ராஸ்கா ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1993 முதல் 1997 வரை கணக்குப் பார்த்தால் 63 ஆட்டம், 3 தோல்வி. அதில் மூன்று தேசிய சாம்பியன் பட்டம் (97-இல் மிச்சிகனோடு பங்கு). கோச் டாம் ஆஸ்போர்ன் 25 சீசன் இருந்தார், ஒன்றில்கூட 9 வெற்றிக்குக் கீழே போனதில்லை.

என் பையன் பிறந்தது 2009-இல். அவனுக்கு விவரம் தெரிந்து, 2017 முதல் 2023 வரை, ஏழு சீசனிலும் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். போன சனிக்கிழமை அணியின் பழைய சிவப்பு ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "அப்பா, இவங்க எப்பவுமே தோக்குற டீம்தானே?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அதனால்தான் மனசு வலித்தது. அவனுக்குப் பெரிய அணி என்றால் அலபாமா, ஜார்ஜியா. இதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

பதில் 1

நான் மினியாபொலிஸில் இருக்கிறேன். என் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எங்கள் ஊர் மினசோட்டா பல்கலைக்கழக அணிதான் அசல் வல்லரசு. 1934, 35, 36, 40, 41, 60 என்று ஆறு பட்டங்களையும் விரல் விட்டு எண்ணுவார். 1962 ஜனவரியில் ரோஸ் பவுல் (சீசன் முடிவில் நடக்கும் 'பவுல்' என்ற பெரிய ஆட்டங்களில் ஒன்று) ஜெயித்ததுதான் கடைசி, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் நெப்ராஸ்காவை அவர் 'நேற்று வந்தவர்கள்' என்பார். எந்த அணி பெரியது என்பது அவரவர் பத்து, பன்னிரண்டு வயதில் முடிவாகிவிடுகிறது சார்.

பதில் 2

சரிவுக்குக் காரணத்தையும் பையனிடம் சொல்லுங்கள். மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் 20 லட்சம். உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து அணி கட்ட முடியாது, டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று போய்த்தான் கூட்டி வரவேண்டும். கல்லூரி ஆட்டங்களின் டிவி ஒளிபரப்புக்கு இருந்த கட்டுப்பாட்டை 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கிய பிறகு ஒளிபரப்பு பெருகியது. நாடு முழுக்கத் தெரிவது சில அணிகளின் தனிச்சொத்தாக இல்லாமல் போனது. 2011-இல் டெக்சாஸ் அணிகள் இருந்த லீக்கை விட்டு பிக் டென் என்ற லீக்குக்கு மாறியதும் டெக்சாஸில் ஆடும் வாய்ப்பும் போயிற்று. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய அடி.

பதில் 3

அண்ணா, நான் 2001-இல் பிறந்தவன். எங்கள் செட்டுக்கு நெப்ராஸ்கா சின்ன அணி இல்லை, பழைய அணி. பெயர் தெரியும், மரியாதை உண்டு. ஆனால் அட்டவணையில் பார்த்தால் பயம் வராது. ஆஸ்போர்ன் கணக்கெல்லாம் சொல்லாதீர்கள், எண் மனதில் நிற்காது. ஒரு ஆட்டத்தைக் காட்டுங்கள்.

கேட்டவர்

காட்டினேன் தம்பி. 1996 ஃபியஸ்டா பவுல், ஃபுளோரிடாவை 62-24 என்று அடித்த ஆட்டம். மூன்றாவது குவார்ட்டர் முடியும் நேரம், நெப்ராஸ்காவின் டாமி ஃப்ரேசியர் பந்தோடு வலது பக்கம் ஓடுகிறார். ஒருவன் இடுப்பைப் பிடிக்கிறான், இன்னொருவன் தோளில் தொங்குகிறான், நாலைந்து பேர் சுற்றி வளைக்கிறார்கள். அந்தக் கூட்டம் அப்படியே நகர்கிறது, நகர்கிறது, திடீரென்று ஒற்றை ஆளாக வெளியே வருகிறார். 75 யார்டு, டச்டவுன்.

பையன் ரிமோட்டை வாங்கி நாலு தரம் பின்னால் ஓட்டினான். பிறகு, "அந்த 15-ஆம் நம்பர் வேற என்னெல்லாம் ஆடியிருக்கார்?" என்றான். இன்று ராத்திரி 1995 ஆரஞ்ச் பவுல் போடப் போகிறோம்.