‘ரிட்டர்ன்’ என்பதற்குத் தமிழ்: திரும்பு, பின்கொடு, விடை

அன்புடையீர்,

வணக்கம். ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்), அதாவது அழைத்ததும் ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் நிரல்பகுதி, தன் வேலையை முடித்து, மதிப்போடோ மதிப்பின்றியோ அழைத்த இடத்துக்குச் செல்லச் சொல்வது நிரலாக்கத்தில் வரும் ‘ரிட்டர்ன்’ என்னும் கட்டளைச்சொல். அதற்கு இவ்விழையில் ‘திரும்பு’, ‘திருப்பி அனுப்பு’, ‘மீள்’, ‘பின்கொடு’ என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. நான்கையும் எடைபோட்ட பிறகு ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கத் துணிகிறேன். அதற்கு முன், ஆங்கிலச் சொல் எத்தனை வேலைகளைச் சுமக்கிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

அச்சொல்லின் உள்ளே இருப்பது ‘சுழல்வது’ என்னும் பொருள்; அதன் வேர் கடைசல் கருவியைக் குறித்த இலத்தீனச் சொல் வரை செல்கிறது. நம் ‘திரும்பு’ என்பதும் திரி, திருகு ஆகியவற்றோடு சேர்ந்த சுழற்சிச் சொல்லே. ஆகவே ‘திரும்பு’ என்று முதலில் நாவில் வருவதில் வியப்பில்லை. ஆனால் ஆங்கிலத்தில் தானாகத் திரும்புவதற்கும் ஒன்றைத் திருப்பித் தருவதற்கும் ஒரே சொல் போதும்; தமிழில் அப்படி முடியாது. திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. ஆங்கிலம் மறைத்து வைத்திருக்கும் ஒரு முடிவைத் தமிழ் நம்மை வெளிப்படையாக எடுக்கச் சொல்கிறது.

அந்த முடிவு வெறும் இலக்கணச் சிக்கல் அன்று. கணினி வரலாற்றிலேயே இவை இரு வேறு செயல்களாக இருந்தன. 1958இல் வந்த இரண்டாம் ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் ‘ரிட்டர்ன்’ என்பது நிரலின் ஓட்டம் அழைத்த இடத்துக்குத் திரும்புவதை மட்டுமே குறித்தது. மதிப்பைச் செயற்கூற்றின் பெயரிலேயே தனியாக இட்டுவைக்க வேண்டும். தொடக்ககாலப் பாஸ்கலிலும் மதிப்பைத் தருவது அப்படித்தான். அங்கு இக்கட்டளையே கிடையாது. சி மொழியின் மூதாதையான பி.சி.பி.எல். இன்னும் தெளிவாக இரண்டு சொற்களை வைத்திருந்தது: மதிப்பின்றி வெளியேறுவதற்கு ‘ரிட்டர்ன்’, மதிப்போடு வெளியேறுவதற்கு ‘ரிசல்ட் இஸ்’, அதாவது ‘விடை இது’. அதன் வழிவந்த பி மொழியும், அதிலிருந்து பிறந்த சி மொழியும் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கின. பின்வந்த மொழிகள் பல அதைப் பின்பற்றின. எனவே நாம் தமிழாக்குவது ஒரு சொல்லை அன்று, ஒட்டிவிட்ட இரண்டு சொற்களை.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘திரும்பு’ மதிப்பில்லாத இடத்தில் முழுமையாகப் பொருந்துகிறது. அதன் பக்கத்தில் ஒரு மதிப்பை வைத்தவுடன் உடைந்துவிடுகிறது. ‘திரும்பு 5’ என்று எழுதினால், ஐந்தாம் வரிக்குத் திரும்பு என்றுதான் தமிழ் படிப்பவர் கொள்வார். தன்வினையை அடுத்து நிற்கும் பெயர் செயப்படுபொருளாக முடியாது, சேருமிடமாகவே தோன்றும்.

‘திருப்பி அனுப்பு’, ‘திருப்பிக் கொடு’ ஆகியவை பாடநூல் நடையில் பழகிவிட்டவை. ‘இச்செயற்கூறு ஒரு மதிப்பைத் திருப்பி அனுப்பும்’ என்ற வாக்கியத்தை நம்மில் பலரும் எழுதியிருப்போம், நானும் எழுதியிருக்கிறேன். ஆயினும் தமிழில் ‘திருப்பி’ என்றால் வந்த பொருளே மீண்டும் போக வேண்டும். கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம்; ஏற்க மறுத்த கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறோம். இரண்டு எண்களைப் பெற்றுக்கொண்டு அவற்றின் கூட்டுத்தொகையைத் தரும் செயற்கூறு எதையும் திருப்பித் தரவில்லை. புதிதாக ஒன்றைச் செய்து தருகிறது. தையற்காரரிடம் துணி கொடுத்துச் சட்டை வாங்கினால், அவர் சட்டையைத் திருப்பிக் கொடுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. வெறும் ‘திருப்பு’ என்று சுருக்கினாலோ, ஒரு பட்டியலை முன்பின்னாக மாற்றும் செயலோடு குழம்பும்.

‘மீள்’ எனக்கு மனத்தளவில் பிடித்த சொல். வினைமுற்றி மீளும் தலைவனைச் சங்கப் பாடல்கள் பாடியிருக்க, வேலை முடித்துத் திரும்பும் செயற்கூற்றுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை ஏது? ஆனால் கலைச்சொல்லாக்கத்தில் அது களைத்துப்போன சொல். மீள்பயன்பாடு, மீள்சுழற்சி, மீள்பார்வை என ‘மறுபடியும்’ என்ற பொருளில் முன்னொட்டாகவே அது நிலைத்துவிட்டது. இயற்பியலார் மீட்சியையும் எடுத்துக்கொண்டார்கள்.

‘பின்கொடு’ என்பது எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் ஏற்கெனவே வழங்கும் கட்டளைச்சொல் என்பதால் அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. இலக்கணமும் அதற்குத் துணை நிற்கிறது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கும், கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கும் உரியவை என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. தன்னை அழைத்தவர் யாரென்று செயற்கூற்றுக்குத் தெரியாது. அவர் அதற்குப் படர்க்கையே. ஆகவே செயற்கூற்றின் உள்ளே ‘கொடு’ சரி. அதைப் பயன்படுத்துவோருக்கான விளக்கக் குறிப்பில் ‘தரும்’ சரி. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. ‘பின்’ என்பது ‘பிறகு’ என்றும் பொருள்படுவதால், பிறகு கொடு என்று படிக்க இடமுண்டு. கூட்டுச்சொல் ஆக்கினால் நிலைமை மோசம்: ‘கொடுமதிப்பு’, ‘கொடுவகை’ என்று எழுதினால் கொடுங்கோலும் கொடுவாளும்தான் நினைவுக்கு வருகின்றன.

என் பரிந்துரை ‘விடை’. இச்சொல்லின் பொருள்களில் இரண்டு இங்கே நமக்கு வேண்டியவை. ஒன்று, வினாவுக்கு எதிரான பதில். மற்றொன்று, விடைபெறுதல் என்பதில் உள்ள நீங்குதல். இரண்டும் ‘விடு’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலச் சொல்லில் ஒட்டியிருக்கும் அதே இரண்டு செயல்கள், அதாவது பதில் தருவதும் இடத்தை விட்டு அகல்வதும், இங்கே வலிந்து ஒட்டாமல் இயல்பாகவே சேர்ந்திருக்கின்றன. ‘விடை அ + ஆ’ என்ற நிரல்வரியைப் படித்தால் சொல்வரிசை உறுத்துவதில்லை; கணக்குநோட்டில் எழுதுவதைப் போலவே இருக்கிறது. மதிப்பில்லாமல் தனியே ‘விடை’ என்று நின்றால், விடைபெறுதல் என்றாகிறது. அது தரும் மதிப்பை ‘விடைமதிப்பு’ என்றும், அதன் வகையை ‘விடைவகை’ என்றும் சொல்லலாம்.

இதற்கு வரக்கூடிய தடைகளில் ஒன்று உண்மையிலேயே வலுவானது. மாணவர்கள் தங்கள் நிரல்களில் மாறிக்கு (மதிப்பை இட்டுவைக்கும் பெயருக்கு) மிகுதியாக வைக்கும் சொல் ‘விடை’யாகவே இருக்கும், அது மொழியே தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல்லாகிவிட்டால் அவர்கள் ‘முடிவு’, ‘விளைவு’ என்று வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். இந்த இழப்பை ஏற்கலாம் என்பது என் கருத்து. பெயர்ச்சொல் கட்டளையாகுமா என்ற தடை சிறியது. எழிலில் ‘இல்லாவிட்டால்’ என்னும் பொருளில் ‘இல்லை’ என்பதைக் கட்டளைச்சொல்லாக ஏற்றவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது.

‘விடை’ எல்லா இடத்துக்கும் உதவாது. செயற்கூற்றை அழைக்கும்போது அடுத்த கட்டளையின் முகவரியைச் செயலி பெரும்பாலும் நினைவகத்தின் அடுக்கில் (ஸ்டேக்) இட்டுவைத்து, முடிந்ததும் அதை எடுத்து அங்கே செல்கிறது. அங்கு நிகழ்வது இடப்பெயர்ச்சி மட்டுமே என்பதால் ‘திரும்புமுகவரி’ என்பதே தகும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி முறையில் ‘கேரியேஜ் ரிட்டர்ன்’ எனப்படும் 13ஆம் குறி தட்டச்சுப்பொறியின் நகர்வண்டி வரியின் தொடக்கத்துக்கு ஓடிவருவதைக் குறிப்பது. அடுத்த வரிக்கு இறங்குவது 10ஆம் குறியின் வேலை. ஆகவே 13க்கு ‘வரிமுதல் திரும்பல்’ போதும். வருமான வரி, தேர்தல் ஆகியவற்றில் வரும் இதே சொல்லை இவ்விவாதத்தில் சேர்க்க வேண்டாம். அவை அரசு கேட்டதற்கு எழுதி அனுப்பும் மறுமொழி என்ற பொருளில் வளர்ந்தவை. ‘ரிட்டர்னிங் ஆபீசர்’ என்பதற்கு வழங்கும் தமிழ்நாட்டின் ‘தேர்தல் நடத்தும் அலுவலர்’, இலங்கையின் ‘தெரிவத்தாட்சி அலுவலர்’ இரண்டிலும் திரும்புதல் இல்லாததே அவற்றின் சிறப்பு.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. பைத்தான் நிரல்மொழியில் ‘யீல்டு’ என்னும் கட்டளை மதிப்பைத் தந்துவிட்டு, விடைபெறாமல் அதே இடத்தில் காத்து நிற்கிறது. மறுபடி கேட்டால் அங்கிருந்தே தொடர்கிறது. அதற்கு ‘விளை’ என்று அகராதி பார்த்து வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘தந்துநில்’ என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றுபவர்கள் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.