எந்தப் போர் என்று கேட்டால் என்ன சொல்வது?

அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். "எந்தப் போர்ல இருந்தீங்க?" என்று யாராவது கேட்டால் அவருக்குச் சொல்ல ஓர் ஆண்டு கிடையாது. 65, 71 எல்லாம் அவர் சேர்வதற்கு முன்னால். கார்கில் நடந்தபோது அவருடைய யூனிட் வேறு இடத்தில். தொண்ணூறுகளின் நடுவில் அவர் நின்றது காஷ்மீருக்கு வடக்கே சியாச்சின் பனிமலையில்.

எங்களுக்கே அது அப்போது தெரியாது. முகவரியில் அவருடைய நம்பர், பெயர், யூனிட், கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் எண். அவ்வளவுதான், ஊர்ப்பெயர் இருக்காது. கடிதத்திலும் "நலம், நலமறிய ஆவல்", பிள்ளைகள் படிப்பு, ஆடு மாடு விசாரிப்பு. ஊரில் கேட்டால் அம்மா "காஷ்மீர் பக்கம்" என்று சொல்லிவிடுவார்.

திரும்பி வந்த பிறகும் அப்பா எங்களிடம் பேசியதில்லை. மாமாவிடம் சொன்னதைத் திண்ணையில் படுத்துக் கேட்டிருக்கிறேன். மேலே ஏறும் முன் பேஸ் கேம்ப்பில், தங்களைக் காப்பவர் என்று ஜவான்கள் நம்பும் ஓ.பி. பாபா கோயிலில் வணங்கிவிட்டுப் போவார்களாம். இறங்கினாலும் முதலில் அங்கேதான். இடுப்பில் கயிறு கட்டி ஒருவர் பின் ஒருவராக, விடிவதற்கு முன்பே நடப்பார்கள். வெயில் ஏறினால் பனி இளகி, கீழே இருக்கும் பிளவு வாய் திறந்துவிடும். குடிலுக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். பசி எடுக்காது, தூக்கம் வராது. இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது.

1949-லும் 1972-லும் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே கோடு போட்டவர்கள் என்.ஜே.9842 என்ற புள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு வடக்கே பனிமலை யாருக்கு என்று முடிவாகவில்லை. 1984 ஏப்ரல் 13-ல் நம் ராணுவம் ஏறியது. அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்தது, ஆனாலும் சாவு நிற்கவில்லை. குண்டை விடக் குளிரும் பனிச்சரிவும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன.

2016 பிப்ரவரி 3-ல் மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர் சியாச்சின் பனிச்சரிவில் புதைந்தார்கள். அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அவர் அந்த பட்டாலியன் கிடையாது, ஆனாலும் "நம்ம தம்பிங்க, நம்ம தம்பிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்ததும் என்னைப் போனில் கூப்பிட்டு அழுதார். 11-ஆம் தேதி ஹனுமந்தப்பாவும் போய்விட்டார். அந்த வாரம்தான் அப்பா எங்களிடம் முதன்முதலாக வாய் திறந்தார். 2012-ல் அந்தப் பக்கம் கயாரியில் பாகிஸ்தான் முகாம் புதைந்து 140 பேர் செத்ததையும் அவரே எடுத்தார். "அவனுங்களும் அதே பனியிலதானம்மா நின்னானுங்க" என்றார்.

போர் என்று பெயர் வைக்காததால் இந்த ஆட்களுக்கு மரியாதை குறைவாகவே கிடைக்கிறது. எனக்கு அதில் ஆறாத வருத்தம்.

—

அக்கா, நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். எங்கள் பெரியப்பாவிடம் சொல்ல ஆண்டு இருந்தது, கேட்டவர்களுக்குத்தான் தெரியவில்லை. பீரங்கிப் படையில், சிக்கிமில் சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாயில் இருந்தார். "சீனாவோடயா? அப்போ 62" என்பார்கள். "62 இல்லய்யா, 67" என்று சாகும் வரை திருத்திக்கொண்டே இருந்தார். நம் ஆட்கள் கம்பிவேலி போடும்போது செப்டம்பர் 11-ல் சீனர்கள் சுட ஆரம்பித்தார்கள். வேலி போட்டவர்கள் வெட்டவெளியில் நின்றார்கள், அதனால் நம் பக்கம் முதல் அடி பலமாக விழுந்தது. அப்புறம் நம் பீரங்கிகள் பதில் கொடுத்தன. நாலு நாள் நடந்தது அது. 2006-ல் நாதுலாவை வியாபாரத்துக்குத் திறந்த செய்தியைப் பேப்பரில் அவருக்கு நான்தான் வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார்.

—

அக்கா, நானும் நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் வீட்டுக்காரர் ராணுவத்தில், இப்போது லடாக்கில் இருக்கிறார். 2020 ஜூன் 16-ல், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனர்களோடு நடந்த மோதல் செய்தி வந்தபோது முதலில் மூன்று பேர் இறந்தார்கள் என்றார்கள், அதில் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியின் பெயர். ராத்திரிக்குள் இருபது பேர் ஆகிவிட்டது. இவர் போன் கிடைக்கவில்லை. எல்லைக்கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்று 1996-லேயே ஒப்பந்தம் இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் நான் தைரியமாக இருந்தேன். கட்டையாலும் கல்லாலும் கொல்வார்கள் என்று யார் நினைத்தது?

இப்போது சிக்னல் இருந்தால் பேசுகிறார், எந்த இடம் என்று நானும் கேட்பதில்லை. பையனுக்கு ஏழு வயது, அவன் விடாமல் கேட்கிறான். அக்கா, உங்கள் அம்மா உங்களுக்கு என்ன சொல்லிச் சமாளித்தார்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.