புனித மரியான் கோப் நாடகம்: பணிவிடைக் காட்சியில் எதைக் காட்டலாம்?

தோபாயோ_மறைக்கல்வி:
வணக்கம். தொடக்கநிலை 4, 5 பிள்ளைகள் புனித மரியான் கோப் பற்றி 8 நிமிட நாடகம் போடுகிறார்கள். ஹவாயின் மொலோக்காய்த் தீவில் சிஸ்டர் மரியான் கையுறை மாட்டிக்கொண்டு தொழுநோயாளிகளுக்கு மாத்திரை கொடுப்பதாகக் காட்சி இருக்கிறது. சரிதானா?

கட்டுத்துணி:
இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவர் ஹவாய்க்கு வந்தது 1883, மொலோக்காய்க்குப் போனது 1888 நவம்பர், இறந்தது 1918. தொழுநோய்க்குச் சரியான மருந்து 1940களில்தான் வந்தது. ரப்பர் கையுறையும் 1890 வாக்கில்தான் ஆபரேஷன் அறைக்குள்ளேயே நுழைந்தது. ஒரு பேசின், சோப்பு, நீளமாகக் கிழித்த வெள்ளைத் துணி போதும். புண்ணைக் கழுவி, கட்டு மாற்றி, கை கழுவிவிட்டு அடுத்தவரிடம் போகட்டும். கை கழுவுவதில் அவர் மிகக் கண்டிப்பு. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் மருத்துவமனை நடத்திய காலத்திலேயே அப்படித்தான்.

நரம்பும்_தோலும்:
நோயாளியாக நடிக்கும் பிள்ளை, புண்ணைத் தொட்டதும் "ஐயோ, வலிக்குது" என்று அலறக்கூடாது. நரம்பு கெட்டு உணர்ச்சி போவதுதான் இந்த நோயின் கொடுமை. முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. அதே காலோடு நடந்துகொண்டே இருப்பார்கள். புண் எலும்புவரை இறங்கிவிடும். விரல் அழுகி விழும் என்ற வசனமும் வேண்டாம். எலும்பு கரைந்து விரல் குட்டையாகும், அவ்வளவுதான். பிள்ளைகள் மனதில் தப்பாகப் பதிந்தால் பிறகு எடுப்பது கஷ்டம்.

தோபாயோ_மறைக்கல்வி:
நன்றி, மாற்றிவிடுகிறேன். கூட வந்த கன்னியர் யாருக்கும் நோய் தொற்றவில்லையே, அதைக் கை கழுவியதன் பலன் என்று சொல்லலாமா?

கட்டுத்துணி:
அது மட்டுமே காரணம் என்று எழுதாதீர்கள். தொழுநோய் எளிதில் தொற்றாது. பெரும்பாலோர் உடம்பிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆனால் அன்று அது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாமலே போனார்கள் பாருங்கள், அதைக் காட்டுங்கள். மொலோக்காயில் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்து, அந்த நோயே தொற்றிய குரு தந்தை தமியான் வருவதாக இருந்தால் அவரை நோயாளியாகவே காட்டவேண்டும். மொலோக்காயில் இருவரும் சேர்ந்திருந்தது 5 மாதம்தான். 1889 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார்.

நரம்பும்_தோலும்:
கடைசிக் காட்சிக்கு நம்ம சிங்கப்பூரையே கொண்டுவரலாம். 1949இல் டான் டோக் செங் மருத்துவமனைக்குப் பணிசெய்ய வந்த பிரான்சிஸ்கன் கன்னியர்தான் 1961இல் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் திறந்தார்கள். மரியானும் பிரான்சிஸ்கன்தான், சபை மட்டும் வேறு.