அளவுஜாடியில் ஒரு கோடு 2 மி.லி. என்பது பிள்ளைகள் மனதில் பதியவில்லை, வழி சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 28 பிள்ளைகள். மூன்று வாரமாக அளவீடுகள் பாடத்திலேயே நிற்கிறோம்.

எங்களிடம் இருப்பது 250 மி.லி. பிளாஸ்டிக் அளவுஜாடி. 100, 120 என்று எண்கள், நடுவில் பத்து இடைவெளி. அதாவது ஒரு கோடு 2 மி.லி. தண்ணீரை 100 வரை ஊற்றி ஜல்லிக்கல்லைப் போட்டால் மட்டம் எட்டாவது கோட்டுக்கு ஏறுகிறது. கல்லின் பருமன் 16 மி.லி. பாதிப் பேர் 8 என்றே எழுதுகிறார்கள்.

முதலில் செங்கல் துண்டு போட்டேன். அது தண்ணீரைக் குடித்து, குமிழி விட்டு, மட்டமே இறங்கிவிட்டது. நம் களிமண் ஊரில் கல்லுக்கு எங்கே போவது? சாலை வேலை நடக்கும் இடத்தில் ஜல்லி பொறுக்கி வந்தேன். அப்புறம் நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தவர்கள் கூட்டிச் சொன்னார்கள். கண் மட்டத்துக்குக் குனிந்து, தண்ணீர் மட்டத்தின் வளைவில் அடிப்பகுதியைப் பார்க்கப் பழக்கியதும் அது சரியாகிவிட்டது.

கோட்டுக் கணக்குதான் நிற்கவில்லை. நெல் அளவையில் கலத்துக்கு 12 மரக்கால் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அதை வைத்துச் சொன்னபோது உடனே புரிந்தது. கரும்பலகையில் ஜாடி வரைந்தாலும் சரியாகச் சொல்கிறார்கள். உண்மையான ஜாடியைக் கையில் கொடுத்தால் மறுபடி ஒரு கோடு, ஒரு மி.லி. கெட்டிக்காரப் பிள்ளைகள், இதை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக மனம் வரவில்லை.

எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் ஒரு கோட்டின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வர, உங்கள் வகுப்பில் பலன் தந்த செயல்பாடு எது?